ரேடியோவைக் கழற்றுவதற்கு முன்

வண்டியும் வானொலியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஓய்வுபெற்றுப் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்ட தோட்டத் துரை ஒருவரிடமிருந்து பழைய ஹொண்டா கோல்ட் விங் 1500 மோட்டார் சைக்கிளை வாங்கியிருக்கிறேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ரேடியோதான் பாடாய்ப் படுத்துகிறது. சாவியை மூடித் திறந்தால் நேரமும் பதிந்து வைத்த நிலையங்களும் அழிந்துவிடுகின்றன. இலக்கங்கள் 101.1, 101.3, 101.5 என்று தாவுகின்றன. இடையில் இருப்பது வருவதே இல்லை. இன்ஜின் ஓடும்போது ஓர் ஊளைச் சத்தம். எக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க அதுவும் ஏறுகிறது. நானுஓயாப் பக்கம் போனால் பாட்டு வெட்டி வெட்டிக் கேட்கிறது. பின்னால் இரண்டு அன்டெனா இருந்தும் இந்த நிலைமை. மனைவியை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே பதுளையில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. கராஜில் காட்டினேன். பழைய செட்டைக் கழற்றிவிட்டு புளூடூத் செட் பூட்டலாம், அதற்குப் பழைய வயர்களை வெட்ட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– தலவாக்கலை வாசகர்

பதில்: கழற்றாதீர்கள் தம்பி. இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் யாராவது அந்த வயர்களில் வெட்டுக்குறடு வைத்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. நீங்கள் வாங்கியிருக்கும் வண்டியில் ரேடியோ தனிப் பெட்டி அல்ல. வேகம் கூடும்போது சத்தத்தைத் தானாகவே கூட்டும், நின்றதும் குறைக்கும். அந்த வேலைக்கான வயர்களும் மற்ற பொத்தான்களின் வயர்களும் ஒரே கட்டாக ஓடுகின்றன. ஒருமுறை வெட்டி டேப் சுற்றிவிட்டால், அதைப் பழையபடி சேர்க்க நம் மலையகத்தில் ஆள் தேடி அலைய வேண்டும். அந்த வண்டி 1988 முதல் 2000 வரைதான் செய்யப்பட்டது. அதன் வயர்க்கட்டு இன்று எந்தக் கடையிலும் தொங்கவில்லை.

நீங்கள் எழுதியிருப்பது ஒரு பழுது அல்ல. தனித்தனியான நான்கு சங்கதிகள் ஒன்றாகச் சேர்ந்து, ரேடியோவே செத்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் ஒரு வரியே எனக்குச் சொல்கிறது: 101.1, 101.3, 101.5.

அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்களுக்கு இடையே 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. எல்லா நிலையங்களின் இலக்கமும் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படையில்தான் முடியும். அந்த நாட்டில் விற்பதற்காகச் செய்த ரேடியோ அப்படித்தான் தாவும். நம் நாட்டிலோ இரட்டைப்படையிலும் நிலையங்கள் உண்டு. உங்களுக்கு வேண்டிய நிலையம் 101.2 இல் இருந்தால், அதன் இரு கரைகளிலும் நின்று எட்டிப் பார்க்கத்தான் இந்த ரேடியோவால் முடியும். ‘ச’, ‘ஸ’ ஓசைகள் கிழிந்தாற்போல் கேட்குமே, அது இதனால்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. எஃப்.எம்.மில் வைத்து, இலக்கத்தைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போங்கள். 76 வரை இறங்கினால் ஜப்பானுக்குச் செய்தது. 87.5 இல் நின்றால் ஐரோப்பாவுக்கு. 87.9 அல்லது 88.1 இல் நின்றால் அமெரிக்காவுக்கு. பிறகு ஏ.எம்.முக்கு மாற்றுங்கள். 530, 540 என்று பத்துப் பத்தாக ஏறினால் அமெரிக்கா. 522, 531 என்று ஒன்பது ஒன்பதாக ஏறினால் மற்ற நாடுகள். வேகமானியில் மைல் இலக்கம் பெரிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்; அமெரிக்க வண்டியில் அப்படித்தான் இருக்கும். வண்டியில் ‘மேட் இன் யூ.எஸ்.ஏ.’ என்று எழுதியிருப்பதை மட்டும் இதற்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். கோல்ட் விங் 1500 வண்டிகளை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மேரிஸ்வில் தொழிற்சாலையில்தான் கட்டினார்கள். ஜப்பானியர் ஓட்டியவையும் அங்கிருந்து கப்பலேறியவையே. எங்கே கட்டினார்கள் என்பதைவிட எந்த நாட்டில் விற்கக் கட்டினார்கள் என்பதுதான் ரேடியோவுக்கு முக்கியம்.

உங்களுடையது அமெரிக்க ரேடியோ என்று உறுதியானால், முதலில் தேடல் பொத்தானை விட்டுவிட்டு, கையால் ஒவ்வோர் அடியாக நகர்த்தும் பொத்தானில் முயன்று பாருங்கள். சில செட்டுகளில் நாடு மாற்றும் வசதி மறைவாக இருக்கும். வண்டியோடு வந்த கையேடு கிடைத்தால் அதையும் புரட்டுங்கள். இரண்டும் பலிக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. உங்கள் வண்டியில் கசெட் பிளேயர் இருந்தால், கசெட் வடிவத்தில் வயர் தொங்கும் அடாப்டர் ஒன்றைத் தேடி வாங்குங்கள். அதைக் கசெட் போடும் வாயில் செருகி, மறுமுனையைக் கையடக்க ரேடியோவிலோ எஃப்.எம். வசதியுள்ள கைத்தொலைபேசியிலோ பூட்டுங்கள். இப்படிப்பட்ட சிறு ரேடியோக்களுக்கு இயர்போன் வயரே அன்டெனா என்பதால், அடாப்டரின் வயர் அந்த வேலையையும் பார்த்துவிடும். நம் நாட்டு இலக்கங்கள் அனைத்தும் கிடைக்கும், துரையின் ஸ்பீக்கரில் பாடும், ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. இன்னொன்று: அமெரிக்க ரேடியோவில் நம் நிலையங்களின் உயர்ந்த ஓசைகள் சற்று மங்கிக் கேட்கும். ஒலிபரப்பும்போது உயர் ஓசைகளை ஏற்றி அனுப்பும் அளவு அங்கே வேறு, இங்கே வேறு. டிரெபிளைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது, நேரமும் நிலையங்களும் அழிவது. ரேடியோவுக்கு இரண்டு வழியாக மின்சாரம் வரும். ஒன்று, சாவி போட்டால் வருவது. மற்றது, சாவி மூடியிருக்கும்போதும் நினைவைக் காப்பாற்ற எப்போதும் வந்துகொண்டிருப்பது. உங்கள் வண்டியில் இந்த இரண்டாவது எங்கேயோ அறுந்திருக்கிறது. பட்டரி இறங்கக் கூடாது என்று பழைய சொந்தக்காரரே அந்தப் பியூஸைக் கழற்றி வைத்திருக்கவும் கூடும்; மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் இது வழக்கம். பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, எந்தப் பியூஸ் எதற்கு என்பதைப் படியுங்கள். பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே கம்பி அறாமல் இருக்கிறது என்று திருப்திப்பட்டுத் திரும்பச் செருகிவிடாதீர்கள். அதன் இரண்டு கால்களையும் பாருங்கள். நுவரெலியாவின் பனியிலும் மூட்டத்திலும் வருடக்கணக்கில் நின்ற வண்டி அது. கால் நுனியில் மெல்லிய பச்சைக் களிம்பு இருக்கும், கால் செருகும் பள்ளத்தில் அதைவிட அதிகம் இருக்கும். கம்பி நல்ல கம்பிதான், ஆனால் மின்சாரம் அந்தக் களிம்பைக் கடக்காது. நுண்ணிய உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, பளபளப்பு வரும்வரை பள்ளத்தைத் தேயுங்கள். பட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பிறகு பட்டரி முனையைத் திரும்பப் பூட்டி, சாவி மூடியிருக்கும்போது மல்டிமீட்டர் என்னும் மின் அளவுமானியை வைத்து, அந்தப் பியூஸ் பள்ளத்தில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது அது பாதாளத்துக்கு இறங்கினால், பியூஸ் சரியாக இருந்தாலும் ரேடியோ எல்லாவற்றையும் மறந்துவிடும். ஏறக்குறைய முந்நூற்றறுபது கிலோ எடையுள்ள வண்டி அது, பின்னோக்கி நகர்வதற்குக்கூட ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் பயன்படுத்துகிறது. இளைத்த பட்டரியை வைத்துக்கொண்டு மலையில் ஓட்டாதீர்கள். ரேடியோவுக்காக மட்டும் சொல்லவில்லை.

ஊளைச் சத்தத்துக்கு வருகிறேன். சத்தம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று தெரியாமல் காசு செலவழிக்கக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு ரேடியோவின் சத்தத்தை முற்றாகக் குறையுங்கள். ஊளை அப்படியே கேட்டால், அது மின்சார வயர் வழியாகவோ ஸ்பீக்கர் வயர் வழியாகவோ வருகிறது. சத்தத்தோடு சேர்ந்து ஊளையும் அடங்கினால், அன்டெனா வயரை ரேடியோவிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கியதும் நின்றுவிட்டால் அன்டெனா வழியாக நுழைகிறது என்று அர்த்தம். சத்தத்தின் தன்மையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முறுக்க முறுக்க வழுவழுப்பாக ஏறும் ஊளை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஓல்டர்னேட்டருடையது. ‘டிக் டிக் டிக்’ என்று வெடித்து, வேகத்தோடு நெருக்கமாகும் சத்தம் ஸ்பார்க் பிளக்குடையது. உங்கள் விவரிப்பு முதலாவதைத்தான் சொல்கிறது.

ஓல்டர்னேட்டர் ஊளைக்குப் பெரும்பாலும் காரணம் மோசமான எர்த், அதாவது வண்டிச் சட்டத்தோடு உள்ள மின் தொடர்பு. பட்டரியின் கறுப்பு வயர் வண்டிச் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடத்தைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். பட்டரி இளைத்திருந்தாலும் இந்த ஊளை வரும், ஏனென்றால் ஓல்டர்னேட்டரின் மின்சாரத்தில் உள்ள மேடு பள்ளங்களைச் சமன்படுத்துவது பட்டரிதான். யாராவது பின்னர் பூட்டிய போன் சார்ஜரோ எல்.ஈ.டி. விளக்கோ இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் ரேடியோவுக்குப் பெரும் பகை. இவ்வளவும் செய்தும் நிற்கவில்லை என்றால்தான் மின்சார வயரில் நாய்ஸ் ஃபில்டர் பூட்ட வேண்டும். ஸ்பார்க் பிளக் மாற்றும் நாள் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வண்டிக்கு என்.ஜி.கே. நிறுவனத்தின் டி.பி.ஆர்.7.ஈ.ஏ.-9 என்ற பிளக் பொருந்தும். அதில் உள்ள ‘ஆர்’ எழுத்து, உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைக் குறிக்கிறது. அந்த எழுத்து இல்லாத பிளக்கை விலை குறைவு என்று பூட்டினால் டிக் டிக் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு அன்டெனா இருப்பதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். அமெரிக்க வண்டிகளில் ஒன்று ரேடியோவுக்கு, மற்றது சி.பி. என்னும் பேச்சுக் கருவிக்கு. சி.பி. இயங்குவது 27 மெகாஹெர்ட்ஸில். அதன் அன்டெனா எஃப்.எம்.முக்கு உதவாது. பழைய சொந்தக்காரர் காலத்தில் பின்பெட்டியைக் கழற்றிப் பூட்டியபோது வயர்கள் இடம் மாறியிருக்கக் கூடும். அன்டெனாவை மேலிருந்து கீழ்வரை மீட்டரால் சோதியுங்கள். தண்டிலிருந்து பிளக்கின் நடு ஊசிவரை தொடர்பு இருக்க வேண்டும். நடு ஊசிக்கும் வெளிக் கூட்டுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. காரின் கூரை முழுவதும் இரும்பு, உங்கள் வண்டியின் பின்பகுதியோ பிளாஸ்டிக். ஆகவே அன்டெனாவின் அடிப்பட்டை வண்டிச் சட்டத்தோடு ஒரு வயரால் எர்த் ஆகியிருக்க வேண்டும். மழைநீர் இறங்கி அழுகுவதும் அந்த இடம்தான். அழகுக்காகக் குட்டையான அன்டெனா வாங்கிப் பூட்டாதீர்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொருந்தும் கால் அலை நீளம் 75 சென்டிமீட்டர். அதற்குக் கிட்ட இருப்பதுதான் நல்லது.

இவ்வளவும் சரியானாலும் நானுஓயா வளைவுகளில் பாட்டு வெட்டத்தான் செய்யும். அது ரேடியோவின் குற்றமல்ல. எஃப்.எம். அலை வெயில் போல நேராகத்தான் போகும், மலை மறைத்தால் நிழல் விழும். நம் பகுதியில் 2524 மீட்டர் உயரத்தில் பீதுருதலாகலை நிற்கிறது, அதைச் சுற்றிலும் மலைகள். நேராக வரும் அலையும் எதிர்மலையில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் அடித்துக்கொண்டு இல்லாமற் போகின்றன. அலையின் நீளமே மூன்று மீட்டர்தான். வண்டி ஓரிரு மீட்டர் நகர்வதற்குள் நிலைமை மாறிவிடுவதால்தான் வெட்டி வெட்டிக் கேட்கிறது. அந்த இடங்களில் நல்ல அன்டெனா வெட்டுகளைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது.

பதுளைப் பயணத்துக்கு இதைச் செய்யுங்கள். நாடு முழுவதும் கேட்கும் நிலையங்கள் பகுதிக்குப் பகுதி வேறு வேறு இலக்கங்களில் ஒலிபரப்புகின்றன. நுவரெலியாவைத் தாண்டி, ஹக்கல கடந்து, வெலிமடைப் பக்கம் இறங்கினால் நீங்கள் ஊவா மாகாணத்துக்குள் போய்விடுகிறீர்கள். இந்தப் பக்கத்து இலக்கம் அங்கே இரைச்சலாகிவிடும். ஒரே நிலையத்தின் இரண்டு இலக்கங்களையும் அடுத்தடுத்த இரு பொத்தான்களில் பதிந்து வையுங்கள். கட்டைவிரலின் ஓர் அழுத்தத்தில் மாற்றிவிடலாம், பார்வை சாலையை விட்டு விலகாது. வெலிமடையில் எந்த இலக்கம், ஹாலிஎலயில் எந்த இலக்கம் என்று மாமியார் வீட்டில் யாரையாவது கேட்டால் சொல்லிவிடப் போகிறார்கள்.

கராஜ்காரர் மீது கோபம் வேண்டாம். அவர் தம் கைக்குத் தெரிந்த வேலையைச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மல்டிமீட்டர், உப்புத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகியவையே போதும். பியூஸில் தொடங்குங்கள்.

கேள்வி: நானும் பெரிய மோட்டார் சைக்கிள்தான் வைத்திருக்கிறேன். திரையில் இலக்கம் தெரிகிறது, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. தலைக்கவசத்துக்குள் இயர்போன் வைத்துக் கேட்கலாமா?
– இராகலை வாசகர்

பதில்: இவ்வகை வண்டிகளில் ஸ்பீக்கருக்கும் தலைக்கவச இயர்போனுக்கும் மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. அது இயர்போன் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சத்தத்தை அடக்கும் பொத்தானையும் பாருங்கள். செட்டைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இயர்போன் வேண்டவே வேண்டாம். நம் பாதைகளில் வளைவுக்கு அப்பால் வரும் பஸ் ஹோர்ன் அடித்துத்தான் தன் வரவைச் சொல்கிறது. அந்தச் சத்தம் உங்கள் காதில் விழ வேண்டும்.

கேள்வி: என் கணவர் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வேன் வாங்கினார். ரேடியோ 90க்கு மேல் போகவில்லை என்று கடையில் ஒரு சிறு பெட்டி பூட்டினார்கள். இப்போது 103இல் கேட்க வேண்டியது 83இல் கேட்கிறது. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உள்ள நிலையம் எங்கே தேடியும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா ஐயா?
– பண்டாரவளை வாசகி

பதில்: இல்லையம்மா, ஏமாற்றவில்லை. கேட்காமல் பூட்டியதுதான் குறை. ஜப்பானில் நீண்ட காலம் எஃப்.எம். 76 முதல் 90 வரைதான். பின்னர்தான் 95 வரை நீட்டினார்கள். நமக்கோ 87.5 முதல் 108 வரை. அந்தப் பெட்டி நம் இலக்கத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்து ரேடியோவுக்குக் கொடுக்கிறது. உங்கள் பெட்டி 20ஐக் கழிக்கிறது. அப்படியானால் ரேடியோவின் 76 நம் 96. அதற்குக் கீழே உள்ள எதுவும் அந்தப் பெட்டியால் வராது. ரேடியோவின் அகலம் 14, நம் அலைவரிசையின் அகலம் இருபதுக்கும் மேல். எல்லாவற்றையும் ஒரே பெட்டியால் அடக்க முடியாது. 14ஐக் கழிக்கும் பெட்டி பூட்டினால் 90 முதல் 104 வரை கிடைக்கும், அதற்கு மேலே இருப்பவை போய்விடும். வீட்டில் யார் எந்த நிலையம் கேட்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போய், அதற்கு ஏற்ற பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். சில நேரம் இரண்டு நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று கேட்டாலும் பயப்பட வேண்டாம். 87.5க்கும் 90க்கும் இடையில் உள்ளவை பெட்டியைத் தாண்டி நேராகவும் நுழைந்துவிடுவதுதான் காரணம்.

கேள்வி: எங்கள் தாத்தா இரவில் பழைய ரேடியோவில் தூத்துக்குடி வானொலி கேட்பார். லயத்தில் எல்லோரும் புது விளக்குகள் போட்ட பின் ஒரே கரகரப்பு. வண்டி ரேடியோவிலாவது கேட்க முடியுமா?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: தூத்துக்குடியின் மத்திய அலை, அதாவது ஏ.எம்., 1053 கிலோஹெர்ட்ஸ். ஒன்பது ஒன்பதாக ஏறும் ரேடியோ அந்த இடத்தில் சரியாக நிற்கும். பத்துப் பத்தாக ஏறும் அமெரிக்க ரேடியோ 1050இல் நின்றுவிடும். கேட்கும், ஆனால் கரடுமுரடாக. ஆகவே எல்லா வண்டி ரேடியோவும் இதற்கு ஆகாது. தாத்தாவின் ரேடியோவே போதும். கரகரப்பு எல்.ஈ.டி. விளக்குகளிலிருந்தும் சார்ஜர்களிலிருந்தும் வருகிறது. ரேடியோவைப் பட்டரியில் போட்டு, விளக்கு வயர்கள் ஓடும் சுவரிலிருந்து தள்ளி, முற்றத்துப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். உள்ளே இருக்கும் அன்டெனா ஒரு திசையை நன்றாகக் கேட்கும், மற்றத் திசையைக் கைவிடும். பெட்டியை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கரகரப்பு விழுந்து குரல் எழும். அந்த இடத்தில் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள், தாத்தா ஒவ்வோர் இரவும் தேட வேண்டியதில்லை.